காரின் முதுகெலும்பு



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. சித்திரத்தைப் பார்ப்பவர்கள் பலர். சுவரைப் பார்ப்பவர்கள் சிலரே. கார்களின் கதையும் இப்படித்தான். பழங்காலச் சொகுசுக் கார் ஒன்றின் படத்தைக் காணும்போது, அதன் பளபளக்கும் வண்ணத்தையும் நீண்ட முகப்பையும் தோல் இருக்கைகளையும் கண்டு வியக்கிறோம். இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு தரைக்கு அருகே கிடக்கும் அடிச்சட்டத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த அடிச்சட்டம் முறுகாமலும் வளையாமலும் இருக்க வேண்டும் என்பதற்காகப் பொறியியல் அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று காண்போம்.

முதலில் அடிச்சட்டம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். ஓர் ஏணியைத் தரையில் படுக்க வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் நீண்ட சட்டங்கள். இடையிடையே குறுக்குச் சட்டங்கள். இதன்மீது இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் பொருத்தி, கீழே ஸ்பிரிங் தகடுகளையும் அச்சுகளையும் சக்கரங்களையும் இணைத்துவிட்டால் வண்டி ஓடத் தயாராகிவிடும். நம் செம்பனைத் தோட்டங்களில் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிகளின் அடியில் இந்த ஏணிச் சட்டத்தை இன்றும் காணலாம்.

தொடக்கக் காலக் கார்களில் இந்தச் சட்டம் மரத்தால் ஆனது. மரத்தின் பக்கங்களில் இரும்புத் தகட்டைப் பதித்து வலுவூட்டினார்கள். 1901-ஆம் ஆண்டில் பெயர்பெற்ற 35 குதிரைச் சக்தி மெர்சிடிஸ் காரை வடிவமைத்த வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர், எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி வார்ப்படுத்திய சட்டத்தைப் பயன்படுத்தினார். அதன்பின் மரம் மெல்ல மறைந்தது, எஃகு நிலைபெற்றது.

ஆனால் எஃகுச் சட்டம் வந்ததும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. ஒரு காரின் அடிச்சட்டத்தை இரண்டு விதமான விசைகள் வருத்துகின்றன. ஒன்று வளைவு, மற்றொன்று முறுக்கு. நடுவில் பாரம் அழுத்தும்போது சட்டம் தொய்வது வளைவு. முன் இடச் சக்கரம் ஒரு கல்லின்மீது ஏற, அதே நேரத்தில் பின் வலச் சக்கரமும் மேட்டில் ஏறினால் என்ன ஆகும்? ஈரத் துணியைப் பிழிவதுபோல் சட்டம் முறுகும். அதுதான் முறுக்கு.

வளைவை வெல்வது எளிது. மாணவர்களே, உங்கள் மர அளவுகோலை எடுத்துத் தட்டையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், வளையும். அதையே விளிம்பு மேலாக நிமிர்த்திப் பிடித்து வளைத்துப் பாருங்கள், அசையாது. ஒரே அகலமுள்ள பலகையின் உயரத்தை இரு மடங்காக்கினால், அது வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகிறது. எனவே பக்கச் சட்டத்தை உயரமாகச் செய்தால் வளைவு குறையும். அமெரிக்காவில் 1928-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமான டியூசன்பெர்க் ஜே என்ற சொகுசுக் கார் இதற்கு நல்ல சான்று. 265 குதிரைச் சக்தி கொண்டதென்று அறிவிக்கப்பட்ட அந்தக் காரின் பக்கச் சட்டங்கள் எட்டரை அங்குல உயரம் கொண்டவை. மேலுடல் இல்லாத வெறும் அடிச்சட்டமும் இயந்திரமும் மட்டுமே 8,500 டாலர் விலை பெற்றன.

முறுக்கை வெல்வதுதான் கடினம். அக்காலப் பக்கச் சட்டங்கள் பானா வடிவில் ஒரு பக்கம் திறந்திருந்தன. திறந்த வடிவம் முறுக்குக்கு எளிதில் இடங்கொடுத்துவிடும். இதையும் ஒரு சிறு சோதனையால் அறியலாம். ஒரு தடித்த தாளைக் குழலாகச் சுருட்டி, விளிம்புகளைப் பசையால் நன்கு ஒட்டுங்கள். காய்ந்தபின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. இப்போது அந்தக் குழலின் நீளவாட்டில் கத்தரிக்கோலால் ஒரு கோடு வெட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். குழைந்து போய்விடும். தாள் அதே தாள்தான், எடையும் அதேதான். 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுக் குழாயைக் கணக்கிட்டுப் பார்த்தால், மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு, வெட்டிய குழாயினுடையதைப் போல் 400 மடங்குக்கும் மேலாக இருக்கிறது. மூடிய வடிவத்துக்கு அத்தனை ஆற்றல்!

அடிச்சட்டம் முறுகினால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். காரின் மேலுடல் சட்டத்தின்மீது அமர்ந்திருக்கிறது அல்லவா? சட்டம் முறுகும்போது மேலுடலும் இழுபடும். கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொள்ளும். அல்லது ஓடும்போதே திறந்துகொள்ளும். மரப் பொருத்துகள் கிரீச்சிடும். வண்ணப் பூச்சு வெடிக்கும். கண்ணாடி விரிசல் காணும். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய செல்வர், சில ஆயிரம் மைல் ஓடியதும் தம் வண்டி பழைய கட்டில்போல் முனகுவதைக் கேட்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய தீங்கு, சட்டத்தோடு இணைந்த ஸ்டீயரிங் அமைப்பும் ஆட்டம் காண்பதுதான். ஓட்டுநரின் கையில் உள்ள சக்கரம் சொல்வது ஒன்று, சாலையில் உள்ள சக்கரம் செய்வது வேறொன்று என்றாகிவிட்டால் உயிருக்கே ஆபத்தல்லவா?

இந்தச் சிக்கலுக்கு முதலில் வந்த விடைகளுள் ஒன்று வியப்பானது. சட்டம் முறுகட்டும், மேலுடலும் அதனோடு சேர்ந்து நெளியட்டும் என்பதே அந்த விடை. சார்லஸ் வேமன் என்பவர் விமானம் ஓட்டியவர். விமானத்தின் உடல் மெல்லிய மரச் சட்டத்தின்மீது துணி போர்த்தியது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1920-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில், அதே முறையில் கார்களுக்கு மேலுடல் செய்யும் வழியை அவர் உருவாக்கினார். மரத்துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி சிறு இடைவெளி விட்டு உலோகத் தகடுகளால் இணைத்து, மேலே தோல்போன்ற துணியைப் போர்த்தினார். மரமும் மரமும் உரசாததால் கிரீச்சிடும் ஓசை எழவில்லை. எடையும் குறைந்தது. இருபதுகளின் பிற்பகுதியில் ஐரோப்பியச் செல்வர்கள் இந்தத் துணி உடலை விரும்பி வாங்கினார்கள். ஆனால் வெயிலிலும் மழையிலும் துணி வாடியது. பளபளப்பான உலோக உடலே அழகு என்ற எண்ணமும் பரவியது. முப்பதுகளின் தொடக்கத்தில் அந்த முறை வழக்கொழியத் தொடங்கியது. சட்டத்தின் குறையை மேலுடல் பொறுத்துக்கொண்டதே தவிர, குறை அப்படியேதான் இருந்தது.

இரண்டாவது விடை இத்தாலியிலிருந்து வந்தது. வின்சென்சோ லான்சியா என்ற கார் உற்பத்தியாளர், ஏணிச் சட்டமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு கப்பலைப் பாருங்கள். அதற்குள் தனியாக ஏணி ஏதும் இல்லை. கப்பலின் உடலே அதன் எலும்பு. அலைகளின்மீது செல்லும் கப்பலின் கட்டமைப்பைக் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்லப்படுகிறது. மேலுடலும் சட்டமும் ஒன்றேயாகிய இந்த அமைப்புக்கு அவர் 1919-இல் காப்புரிமை பெற்றார். 1922-இல் லாம்டா என்ற கார் பாரிஸ், லண்டன் கண்காட்சிகளில் வைக்கப்பட்டது. அதன் எஃகுப் பக்கங்கள் உயர்ந்திருந்தன. முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கின. ஏணி இல்லாததால் இருக்கைகள் தாழ்வாக அமைந்தன. கார் தரையோடு ஒட்டி ஓடியது. 1931 வரை ஏறத்தாழ 11,000 லாம்டா கார்கள் செய்யப்பட்டன.

இவ்வளவு நல்ல வழி 1922-லேயே தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் உலகத்தின் மிக விலையுயர்ந்த கார்கள் இன்னும் நாற்பது ஆண்டுகள் ஏணிச் சட்டத்தையே கட்டிக்கொண்டு அழுதன? நம் வரலாற்றின் முக்கியமான கேள்வி இதுதான்.

இதற்கு விடை, கார்களை விற்ற முறையில் இருக்கிறது. அந்நாளில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமோ டியூசன்பெர்க் நிறுவனமோ முழுக் காரை விற்பதைத் தம் முதன்மைத் தொழிலாகக் கொள்ளவில்லை. அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் செய்து தருவார்கள். வாங்குபவர் அதைத் தாம் விரும்பிய மேலுடல் தச்சரிடம் கொண்டுபோய், தம் விருப்பப்படி உடல் கட்டச் சொல்வார். தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போன்றது இது. ஒரே அடிச்சட்டத்தின்மீது ஒருவர் திறந்த வண்டி கட்டுவார். மற்றொருவர் ஏழு பேர் அமரும் மூடிய வண்டி கட்டுவார். மேலுடலே எலும்பு என்று ஆகிவிட்டால் அந்தத் தச்சர் எதன்மீது கட்டுவார்? லான்சியாவே பிற்காலத்தில் லாம்டாவுக்குத் தனி அடிச்சட்டமும் செய்து தர வேண்டியதாயிற்று. அறிவு வழிகாட்டியது, வாங்குபவரின் வழக்கமோ குறுக்கே நின்றது. ஆகவே சொகுசுக் கார்ப் பொறியியலாளர்கள், ஏணியை வைத்துக்கொண்டே ஏணியை விறைப்பாக்கும் வழியைத் தேட வேண்டியிருந்தது.

இந்தத் தேடலை விரைவுபடுத்திய ஒரு பொருள் நமக்கு மிக நெருங்கியது, அதுதான் ரப்பர். 1923-இல் அமெரிக்காவில் பருத்த டயர்கள் விற்பனைக்கு வந்தன. பழைய டயர்களைவிட மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடிய இவை, பயணத்தை மென்மையாக்கின. உலகத்திலேயே மிகுதியான ரப்பரை மலாயா விளைவித்த காலம் அது. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் முன்னோர்களின் உழைப்பு, அவர்கள் கண்ணால் காணாத கார்களின் சக்கரங்களிலும் உருண்டோடியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பருத்த டயரோடு, முன் சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கமும் அதே ஆண்டுகளில் பரவியது. பிரேக்கின் பாரம் ஏறியதால் முன் அச்சு கனத்தது. கனத்த அச்சும் மென்மையான டயரும் சேர்ந்து ஒரு புதிய நோயைக் கொண்டுவந்தன. குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இடமும் வலமுமாகத் தாமே நடுங்கத் தொடங்கின. சட்டம் விறைப்பாக இல்லாவிட்டால் அந்த நடுக்கம் கார் முழுவதும் பரவும். முறுகும் சட்டம் தானே ஒரு ஸ்பிரிங்காகிவிடுகிறது. உண்மையான ஸ்பிரிங்குக்கு அதிர்வை அடக்கும் கருவி உண்டு. சட்டம் என்ற ஸ்பிரிங்குக்கு அது கிடையாது.

இந்த நிலையில்தான் பெருக்கல் குறி வடிவச் சட்டம் வந்தது. 1929-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் என்ற ஊரைச் சேர்ந்த நிறுவனம், கார்ட் எல்-29 என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. அதன் முன் சக்கரங்களே காரை இழுத்தன. பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல் தண்டு தேவைப்படாததால், காரைத் தாழ்வாகவும் நீளமாகவும் அமைக்க முடிந்தது. நீண்டு தாழ்ந்த சட்டம் எளிதில் முறுகும் அல்லவா? அதைத் தடுக்க, ஏணியின் நடுவே மூலைக்கு மூலை இரண்டு சட்டங்களைக் குறுக்காக ஓடவிட்டு, அவை சந்திக்கும் இடத்தில் உறுதியாக இணைத்தார்கள். இந்த அமைப்பின் பெருமை ஹெர்பர்ட் ஸ்னோ என்ற தலைமைப் பொறியியலாளரைச் சேரும்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு சட்டம் முறுகும்போது, எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலெழும். மற்ற இரண்டு மூலைகள் கீழிறங்கும். ஆகவே ஒரு குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும் மேலே போகப் பார்க்கும். மற்றதன் இரு முனைகளும் கீழே போகப் பார்க்கும். நடுவில் இரண்டும் பிணைக்கப்பட்டிருப்பதால், வளையாமல் அவை எங்கும் போக முடியாது. வளைவை எதிர்ப்பதில் உயரமான சட்டம் வல்லது என்பதை முன்பே கண்டோம். இவ்வாறு, சட்டத்தால் தாங்க முடியாத முறுக்கு விசை, தாங்கக்கூடிய வளைவு விசையாக மாற்றப்படுகிறது. பெரும் எடையைக் கூட்டாமல், சட்டங்களை வைக்கும் திசையை மாற்றியே அவர்கள் விறைப்பைப் பெற்றார்கள்.

எல்-29 கார் வணிகத்தில் வெற்றி பெறவில்லை. வெளியான சில மாதங்களில், 1929 அக்டோபரில், அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஏறத்தாழ 5,000 கார்களோடு அதன் உற்பத்தி முடிந்தது. ஆனால் அதன் சட்டம் பிழைத்துக்கொண்டது. அதே நிறுவனத்தின் ஆபர்ன் கார்கள் 1931-இல் அந்த அமைப்பைப் பெற்றன. பின் சக்கரம் ஓட்டும் கார்களில், சுழல் தண்டு செல்வதற்கு நடுச் சந்திப்பில் வழி விட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் வேறு பல நிறுவனங்களும் இதைப் பின்பற்றின.

அடுத்த உந்துதல் 1934-இல் வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, 1930-இல் காடிலாக் நிறுவனத்துக்கு மாறிய மோரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பை அமெரிக்கக் கார்களில் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர். பழைய முறையில் ஒரே அச்சு இரு சக்கரங்களையும் பிணைத்திருந்தது. புதிய முறையில் அந்தப் பிணைப்பு இல்லை. இரு சக்கரங்களும் சட்டத்தின் முன்பகுதியையே நம்பி நின்றன. சட்டம் நெளிந்தால் சக்கரங்களின் கோணமும் கெடும். ஆகவே தனித்தனிச் சக்கரம் என்ற வசதியைப் பெறுவதற்கு, விறைப்பான சட்டம் என்ற விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். 1936-இல் விற்பனைக்கு வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபாண்டம் 3 என்ற காரில் இவ்விரண்டையும் சேர்த்தே காண்கிறோம். பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரமும் தனித்தனி முன் சக்கர அமைப்பும் கொண்ட அந்தக் காரின் சட்டத்தில், பெருக்கல் குறித் தாங்கல் இருந்தது. மூடிய பெட்டி வடிவமும் கையாளப்பட்டது. நாம் தாள் குழலில் கண்ட அதே தத்துவம்!

விறைப்பு ஒன்றே குறிக்கோள் என்று எண்ணிவிடவும் கூடாது. 1957-இல் காடிலாக் கார்களில், பக்கச் சட்டங்களையே நீக்கிவிட்டுப் பெருக்கல் குறியை மட்டும் வைத்த சட்டம் வந்தது. கார் தாழ்வாயிற்று. ஆனால் பக்கவாட்டில் மோதினால் பயணிகளைக் காக்கச் சட்டம் இல்லையே என்ற குறை எழுந்தது. 1965-இல் பெரும்பாலான காடிலாக் கார்கள், பயணிகளைச் சுற்றி ஓடும் வேறு வகைச் சட்டத்துக்கு மாறின. 1959-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் கார் ஒன்றில், பேலா பாரெனி என்ற அறிஞரின் எண்ணம் வடிவம் பெற்றது. பயணிகள் இருக்கும் நடுப்பகுதி உறுதியாக நிற்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மோதலின்போது நசுங்கி, அதிர்ச்சியைத் தாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. எங்கே உறுதி, எங்கே இளக்கம் என்று பகுத்தறிவதே உயர்ந்த பொறியியல் என்பது அப்போது விளங்கியது.

பழைய கார்களைப் புதுப்பிப்போரும் இந்தப் பாடத்தை அறிந்திருக்க வேண்டும். விரிசல் கண்ட சட்டத்தின்மீது தடித்த தகடு ஒன்றைச் சதுரமாக வெட்டிப் பற்றவைத்துவிட்டால், அந்த இடம் உறுதியாகும். ஆனால் தகடு முடியும் ஓரத்தில் விறைப்பு திடீரென்று குறைவதால், அடுத்த விரிசல் அங்கே தோன்றும். அதனால்தான் தேர்ந்த கைவினைஞர்கள், தகட்டின் முனைகளை மீன் வால்போலவோ கூர்மையாகவோ குறுக்கி, விசை படிப்படியாகப் பரவும்படி செய்கிறார்கள்.

கதையின் முடிவுக்கு வருவோம். 1934-இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம், தனிச் சட்டம் இல்லாத காரைப் பேரளவில் உற்பத்தி செய்து, நடுத்தர மக்களின் கைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்களின் காருக்கு மேலுடல் தச்சர் தேவைப்படவில்லை. எனவே வழக்கம் குறுக்கே நிற்கவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் முதன்மைக் காரோ 1965-இல் சில்வர் ஷேடோ வந்தபோதுதான் ஏணியைக் கைவிட்டது. லாம்டா பிறந்து அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் மேலுடல் தச்சுப் பட்டறைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

மாணவச் செல்வங்களே, விலையுயர்ந்த பொருளில்தான் புதிய அறிவு முதலில் குடியேறும் என்று நாம் நினைக்கிறோம். அடிச்சட்டத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. செல்வரின் காரில் வழக்கம் அறிவைக் காக்க வைத்தது. சாதாரண மக்களின் காரில் அது முன்னரே நுழைந்துவிட்டது. அந்தக் காத்திருப்புக் காலத்திலும், கொடுக்கப்பட்ட ஏணியை வைத்துக்கொண்டே வழி தேடிய பொறியியலாளர்களின் உழைப்பும் போற்றத்தக்கதே. அடுத்த முறை ஒரு பழைய காரின் படத்தைப் பார்க்கும்போது, சித்திரத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுக் கீழே இருக்கும் சுவரையும் பாருங்கள். வாய்ப்பிருந்தால் அந்தத் தாள் குழல் சோதனையை இன்று மாலையே செய்து பாருங்கள். உங்கள் தம்பி தங்கைகளுக்கும் காட்டுங்கள்.